நின்றுகொண்டே ஒரு கூட்டம்!

மாலை மணி 6.30.

அயனம்பாக்கத்தில் ஒரு வீடு. கூடத்தில் டி.வி. ஓடுகிறது. சமையல் அறையில் குக்கர் மூன்றாவது விசில் கொடுத்துவிட்டது. அந்த வீட்டு மகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பேசுகிறாள்.

"நேற்று ஒரு பிழையைச் சரி செய்தேன். இன்று அடுத்த வேலையை எடுத்திருக்கிறேன். தடை ஒன்றும் இல்லை."

அவ்வளவுதான். பிறகு இன்னொரு குரல். அதுவும் இதே மூன்று செய்திகளைச் சொல்கிறது. அதற்குப் பிறகு ஐதராபாத்தில் இருந்து ஒரு குரல். கடைசியாக அமெரிக்காவில் இருந்து ஒரு குரல். கால் மணி நேரத்தில் கூட்டம் முடிகிறது. முடிய வேண்டும் என்பது விதி. ஒரு மணி நேரம் இழுக்கும் நாட்களும் உண்டு!

தந்தை இதைத் தினமும் கேட்கிறார். அவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 30 வருடம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"ஏம்மா, தினமும் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிக்கிறாயே, அது என்ன?"

"அதற்கு ஸ்டாண்ட்-அப் மீட்டிங் என்று பேர் அப்பா. எல்லோரும் நின்றுகொண்டே நடத்துகிற கூட்டம்."

"நீ உட்கார்ந்துதானே இருக்கிறாய்?"

மகளுக்குச் சிரிப்பு வந்தது. பதில் வரவில்லை.

இந்த வீடு கற்பனைதான். ஆனால் அயனம்பாக்கத்திலும், சுற்றியுள்ள அத்திப்பட்டு, நொளம்பூர், முகப்பேர், திருவேற்காடு பகுதிகளிலும் இந்தக் காட்சி புதிது அல்ல. வானகரத்தில் இருந்து அம்பத்தூர் போகும் சாலை அயனம்பாக்கம் வழியாகத்தான் செல்கிறது. அதே சாலையில் வடக்கே போனால் தொழிற்பேட்டை. 1964-ம் ஆண்டில் அரசாங்கம் தொடங்கிய பேட்டை அது. லேத், டிரில்லிங் மெஷின், பிரஸ், மோட்டார் உதிரி பாகங்கள் இவைதான் அதன் பழைய அடையாளம். பிறகு அங்கேயே கண்ணாடிச் சுவர் வைத்த உயரமான கட்டிடங்கள் எழுந்தன. கம்ப்யூட்டர் கம்பெனிகள் குடி புகுந்தன. தந்தை இரும்பைக் கடைந்த பேட்டையில் இன்று மகள் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுகிறாள்.

அவள் வேலை செய்யும் முறைக்கு "அஜைல்" என்று பெயர். சுறுசுறுப்பு, லாவகம் என்று பொருள் கொள்ளலாம். 20 ஆண்டுகளுக்கு மேலாக உலகத்துச் சாப்ட்வேர் கம்பெனிகளை ஆட்டி வைத்து வரும் முறை இது. இந்தியாவின் மிகப் பெரிய சாப்ட்வேர் கம்பெனியான டி.சி.எஸ்., 2020-ம் ஆண்டுக்குள் முழுக்க முழுக்க இந்த முறைக்கு மாறுவதே லட்சியம் என்று அறிவித்தது.

இப்போது அந்த முறையே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. இதனால் பயன் உண்டா? இது நீடிக்குமா? இப்படிக் கேட்கிறவர்களில், இந்த முறையைப் பெற்றெடுத்தவர்களே சிலர் இருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

முதல் பீஸ்

இதைப் புரிந்துகொள்ளக் கம்ப்யூட்டர் படிக்க வேண்டியது இல்லை. வீட்டில் கல்யாணம். 6 ரவிக்கை தைக்கக் கொடுக்கிறோம். கெட்டிக்காரத் தையல்காரர் என்ன செய்வார்? 6 துணியையும் ஒரேயடியாக வெட்டிவிட மாட்டார். ஒன்றை மட்டும் தைத்து, "போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்" என்பார். கை இறுக்கமாக இருந்தால் மற்ற 5 துணிகளும் தப்பிக்கும்.

லேத் பட்டறையிலும் இதே கதைதான். 500 புஷ் கடைய வேண்டும். டர்னர் முதலில் ஒன்றைக் கடைவார். மைக்ரோமீட்டர் வைத்து அளப்பார். இன்ஸ்பெக்டரிடம் காட்டுவார். அவர் "சரி" என்ற பிறகே மற்ற 499-க்கும் மெஷின் ஓடும். பட்டறையில் இதற்கு "முதல் பீஸ்" என்று பெயர். முதல் பீசைக் காட்டாமல் அவசரப்பட்டு ஓட்டினால், அளவு அரை மயிரிழை பிசகினாலும் 500-ம் ஸ்கிராப்புக்குத்தான் போகும்.

அஜைல் என்பதன் உயிர் இந்த முதல் பீஸ்தான். கொஞ்சம் செய். காட்டு. சரியா என்று கேள். பிறகு மேலே போ. மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கட்டிய அலங்காரம்.

அருவி விழுந்த கதை

இதற்கு முன்னால் சாப்ட்வேர் எப்படித் தயார் ஆயிற்று?

ஒரு பாங்கிக்குப் புதிய சாப்ட்வேர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். என்னென்ன வேண்டும் என்று முதலில் கேட்பார்கள். அதைத் தடித்தடிப் புத்தகங்களாக எழுதுவார்கள். இரு தரப்பும் கையெழுத்துப் போடும். பிறகு ஒரு குழு திட்டம் வரையும். அடுத்த குழு எழுதும். அதற்கு அடுத்த குழு சோதிக்கும். ஒன்றரை வருடமோ இரண்டு வருடமோ கழித்துப் பாங்கிக்காரர் பார்ப்பார். "நான் கேட்டது இது இல்லையே!" என்பார். அல்லது, "கேட்டது இதுதான். ஆனால் இதற்குள் வட்டி விதியே மாறிவிட்டதே!" என்று கையைப் பிசைவார்.

இதற்கு "வாட்டர்பால்" முறை என்று பெயர். அதாவது அருவி. அருவியில் விழுந்த தண்ணீர் திரும்ப மேலே ஏறாது அல்லவா?

1970-ம் ஆண்டில் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதினார். விண்வெளித் துறைக்குச் சாப்ட்வேர் செய்து அனுபவப்பட்டவர் அவர். படிப்படியாகக் கீழே இறங்கும் ஒரு படத்தை அதில் போட்டார். அதே கட்டுரையில், இப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியை விருந்துக்கு அழைப்பது போல் ஆகும் என்ற கருத்தையும் எழுதி வைத்தார். பலர் படத்தைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த எழுத்தைப் படிக்கவில்லை!

இதில் பெரும் பாடம் படித்தது அமெரிக்காவின் துப்பறியும் இலாகாவான எப்.பி.ஐ. வழக்குக் கட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு பெரிய சாப்ட்வேருக்கு ஏற்பாடு செய்தது. சுமார் 17 கோடி டாலர் செலவு. 2005-ம் ஆண்டில், "இது உதவாது" என்று அதை அப்படியே கைவிட்டார்கள். 2006-ல் வேறு பெயரில் மீண்டும் தொடங்கினார்கள். அதுவும் இழுத்தது. 2010-ல் எப்.பி.ஐ. வேலையைத் தன் கைக்கே எடுத்துக்கொண்டது. ஒரு சிறு குழு. சிறு சிறு பகுதி. ஒவ்வொன்றையும் முடித்து முடித்துக் காட்டினார்கள். 2012 ஜூலையில் அது உபயோகத்துக்கு வந்துவிட்டது.

அஜைல் கட்சிக்காரர்கள் மேடைக்கு மேடை சொல்லும் கதை இது. உண்மைதான். ஆனால் அவர்கள் அவ்வளவாகச் சொல்லாத கதை ஒன்றும் உண்டு. கிரைஸ்லர் மோட்டார் கம்பெனியின் சம்பளக் கணக்கை 1996 முதல் இந்தப் புது வழியில் எழுதினார்கள். கென்ட் பெக் என்ற நிபுணர் முன்னின்று வழி காட்டினார். சுமார் 10 ஆயிரம் பேருக்கு அது சம்பளம் போட்டது. அதற்கு மேல் வளரவில்லை. 2000-ம் ஆண்டில் நிறுத்திவிட்டார்கள்.

பனிமலையில் 17 பேர்

2001-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். அமெரிக்காவின் யூட்டா மாநிலம். ஸ்னோபேர்டு என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடினார்கள். கென்ட் பெக், மார்ட்டின் பவுலர், ரான் ஜெப்ரீஸ், டேவ் தாமஸ், கென் ஸ்வேபர், ஜெப் சதர்லாண்ட் ஆகியோர் அவர்களில் சிலர். வெவ்வேறு வழிகளைப் பின்பற்றி வந்தவர்கள் அவர்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு சின்ன அறிக்கையில் கையெழுத்திட்டார்கள்.

அறிக்கையின் சாரம் இது: கருவிகளையும் நடைமுறையையும் விட மனிதர் முக்கியம். மலை மலையான காகிதத்தை விட ஓடுகிற சாப்ட்வேர் முக்கியம். ஒப்பந்தத்தில் வாய்தா பேசுவதை விட வாடிக்கைக்காரரோடு கூடி வேலை செய்வது முக்கியம். போட்ட திட்டத்தைப் பிடித்துத் தொங்குவதை விட மாறுதலுக்கு இடம் கொடுப்பது முக்கியம்.

"காகிதமே வேண்டாம், திட்டமே வேண்டாம்" என்று அவர்கள் சொல்லவில்லை. அவற்றுக்கும் மதிப்பு உண்டு என்றே எழுதினார்கள். பிற்காலத்தில் சோம்பேறிகளுக்கு அந்த வரி மட்டும் கண்ணில் படாமல் போயிற்று.

"ஸ்க்ரம்" என்பது அஜைல் குடும்பத்தில் பிரபலமான பிள்ளை. ரக்பி பந்தாட்டத்தில் வீரர்கள் தோளோடு தோள் கோத்து முட்டுவார்களே, அதற்கு ஸ்க்ரம் என்று பெயர். 1986-ம் ஆண்டில் டாக்யூச்சி, நொனாகா என்ற 2 ஜப்பானியப் பேராசிரியர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஓர் ஆள் ஓடி அடுத்தவர் கையில் கோலைக் கொடுக்கும் தொடர் ஓட்டம் போல் வேலை நடக்கக் கூடாது, ரக்பி போல எல்லோரும் சேர்ந்து பந்தை முன்னால் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். அந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டு சதர்லாண்டும் ஸ்வேபரும் 1995-ல் ஸ்க்ரம் முறையை உலகத்தின் முன் வைத்தார்கள்.

சுமார் 2 வாரம் ஒரு "ஸ்பிரிண்ட்". அதாவது குறு ஓட்டம். அதற்குள் ஒரு சிறு பகுதியை முடித்துக் காட்ட வேண்டும். தினமும் 15 நிமிடம் ஒரு கூட்டம். உட்கார்ந்தால் பேச்சு வளரும், நின்றால் கால் வலிக்கும், சீக்கிரம் முடியும் என்பதற்காகத்தான் நிற்கச் சொன்னார்கள். அயனம்பாக்கத்து மகள் உட்கார்ந்திருப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. கால் வலி இல்லாத கூட்டம் நீளுகிறது என்பதுதான் சங்கடம்.

பாடிக்கு வந்த பரிசு

இந்தக் கருத்து அமெரிக்கப் பனிமலையில் திடீர் என்று முளைத்தது அல்ல. அதன் வேர் கார் தொழிற்சாலையில் இருக்கிறது. அந்த வேரின் ஒரு கிளை அயனம்பாக்கத்தில் இருந்து சில மைல் தூரத்தில் உள்ள பாடிக்கும் வந்தது.

ஜப்பானில் டொயோட்டா கார் கம்பெனி. அங்கே டாய்ச்சி ஓனோ என்று ஒரு என்ஜினீயர். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு அடுக்கும் விதம் அவர் மனதைக் கவர்ந்தது. எடுத்த அளவுக்கு மட்டுமே அலமாரி நிரப்பப்படுகிறது. தொழிற்சாலையிலும் அப்படியே செய்தால் என்ன? வேண்டிய பாகம், வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவு. இதற்காக ஓர் அட்டை வைத்தார்கள். அதற்குப் பெயர் "கான்பான்". இன்று சாப்ட்வேர் ஆபீஸ்களில் பலகையில் வண்ணச் சீட்டு ஒட்டி நகர்த்துகிறார்களே, அந்தப் பலகைக்கும் கான்பான் என்றுதான் பெயர்.

டொயோட்டாவில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. தொழிலாளியின் தலைக்கு மேலே ஒரு கயிறு. வேலையில் பிசகு தெரிந்தால் அவர் கயிற்றை இழுப்பார். விளக்கு எரியும். மேற்பார்வையாளர் ஓடி வருவார். பிசகு உடனே சரியாகவில்லை என்றால் வரிசை முழுவதும் நின்றுவிடும். கோடிக்கணக்கில் பணம் போட்ட தொழிற்சாலையை ஒரு சாதாரணத் தொழிலாளி நிறுத்தலாம்! ஏன் நிறுத்தினாய் என்று அடிக்க வருவதற்காக யாரும் ஓடி வருவது இல்லை. என்ன கோளாறு என்று பார்க்கத்தான் வருவார்கள்.

டெமிங் என்ற அமெரிக்க அறிஞர் 1950-ம் ஆண்டில் ஜப்பானுக்குச் சென்று, பொருளின் தரத்தைக் காப்பது பற்றிச் சொற்பொழிவு செய்தார். அவர் பெயரில் மறு ஆண்டே ஒரு பரிசு ஏற்பட்டது. மேலதிகாரி முதல் கடைசித் தொழிலாளி வரை எல்லோருக்கும் தரத்தில் பங்கு இருக்கிறதா என்று துருவிப் பார்த்துக் கொடுக்கும் பரிசு அது. 1998-ம் ஆண்டில் அந்தப் பரிசு இந்தியாவுக்கு முதல் தடவையாக வந்தது. வந்த இடம் டெல்லி அல்ல, பம்பாய் அல்ல. பாடி! லாரிக்கும் பஸ்சுக்கும் பிரேக் செய்யும் சுந்தரம் கிளேட்டன் தொழிற்சாலையின் பிரேக் பிரிவுக்கு அது கிடைத்தது. 2004-ல் பாடியில் உள்ள லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலைக்கும் கிடைத்தது.

ஆகவே மேற்குச் சென்னைக்கு இந்தப் பாடம் புதிது அல்ல. தரத்தைக் கடைசியில் ஓர் இன்ஸ்பெக்டர் கண்டுபிடிப்பது அல்ல, செய்கிறவனே அங்கங்கே காப்பது என்ற பாடம் அது. தந்தைகளுக்கு அது லேத் பக்கத்தில் தெரிந்தது. மகள்களுக்கு அது கம்ப்யூட்டர் வழியாக, அமெரிக்கப் பெயரோடு வந்து சேர்ந்தது.

கயிறு யார் கையில்?

அன்று இரவு சாப்பாட்டு நேரம். தந்தை விடுவதாக இல்லை.

"தடை ஒன்றும் இல்லை என்று சொன்னாயே. மத்தியானம் எல்லாம் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தாயே?"

"தடை என்று சொன்னால், ஏன், எதனால், யாரால் என்று இன்னும் 2 மீட்டிங் வைப்பார்கள் அப்பா. அதற்கு நானே ராத்திரி உட்கார்ந்து சரி பண்ணிவிடலாம்."

"அப்படியென்றால் அந்தக் கேள்வி எதற்கு?"

தந்தை கேட்டது சரியான கேள்வி. வழக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

டொயோட்டாவில் கயிறு தொழிலாளியின் கையில் இருந்தது. அயனம்பாக்கத்தில் கூட்டம் இருக்கிறது, பலகை இருக்கிறது, வண்ணச் சீட்டு இருக்கிறது, கயிறு மட்டும் இல்லை. கயிறு இல்லாத கூட்டம் பள்ளிக்கூடத்து ஆஜர் பட்டியல் மாதிரி. "உள்ளேன் ஐயா" சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதான்.

ஏன் இப்படி ஆயிற்று? ஒரு காரணம் ஒப்பந்தம். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று நம் ஊர்க் கம்பெனிக்கு வேலை கொடுக்கிறது. என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், எவ்வளவு பணத்துக்கு என்று மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு, "அஜைல் முறையில் செய்யுங்கள்" என்கிறார்கள். மூன்றும் முடிவாகிவிட்ட பிறகு குழு எதைத்தான் முடிவு செய்வது? தையல்காரர் ஒரு ரவிக்கையைத் தைத்துக் காட்டுகிறார். கை இறுக்கம் என்று தெரிகிறது. ஆனால் அளவை மாற்றக் கூடாது என்று பத்திரம் எழுதியாகிவிட்டது. பிறகு எதற்குப் போட்டுப் பார்ப்பது?

இன்னொரு கூத்து, புள்ளிக் கணக்கு. ஒரு வேலை எவ்வளவு கடினம் என்று குழுவே மதிப்பிட்டு 1, 2, 3, 5, 8, 13 என்று எண் கொடுக்கும். 2 வாரத்தில் எவ்வளவு முடியும் என்று தங்களுக்குள் தெரிந்துகொள்ள ஏற்பட்ட கணக்கு அது. மானேஜர்கள் அதை மார்க் ஆக்கிவிட்டார்கள். "அந்தக் குழு 40 புள்ளி எடுத்தது, நீங்கள் ஏன் 28?" என்ற கேள்வி வந்தது. பிறகு என்ன? 3 புள்ளி வேலை 5 புள்ளி ஆயிற்று. 5 புள்ளி 8 ஆயிற்று. காகிதத்தில் வேலை பெருகிற்று. ரான் ஜெப்ரீஸ் என்று முன்னால் சொன்னோமே, அந்தப் புள்ளிக் கணக்கைத் தொடங்கி வைத்தது ஒருவேளை தாமாக இருக்கலாம் என்றும், அப்படியானால் அதற்காக வருந்துவதாகவும் 2019-ல் எழுதினார்.

அதற்கு முந்திய ஆண்டே அவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார். அஜைல் என்ற பெயரில் மேலிடம் சுமத்துகிற சடங்குகளைச் சாப்ட்வேர் எழுதுகிறவர்கள் உதறிவிடுவதே நல்லது என்று அவர் சொன்னார். 2014-ல் டேவ் தாமஸ் அந்தச் சொல்லையே கைவிட வேண்டும் என்றார். 2018-ல் மார்ட்டின் பவுலர் ஆஸ்திரேலியாவில் பேசியபோது, நடப்பவற்றில் பெரும்பகுதி போலி என்றார். வேலை செய்கிறவர்களுக்கு அவர்கள் முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும், வெளியில் இருந்து திணிப்பது கூடாது என்பது அவர் வாதம்.

"நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன?" என்ற 3 கேள்விகள் இருக்கின்றனவே, ஸ்க்ரம் முறையின் அதிகாரபூர்வமான வழிகாட்டி நூலில் இருந்து 2020-ம் ஆண்டே அவற்றை எடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தி பல கூட்டங்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை போலும்.

இதற்கு நடுவே சான்றிதழ் வியாபாரம் கொழித்தது. 2 நாள் வகுப்பு, ஒரு பரீட்சை, ஒரு பட்டம். "ஸ்க்ரம் மாஸ்டர்" என்று உத்தியோகம். நல்ல ஸ்க்ரம் மாஸ்டர், குழுவுக்கு வரும் தடைகளை அகற்றும் காவல்காரர். மற்றவர், கூட்டத்துக்கு நேரம் குறிக்கும் குமாஸ்தா. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் பாங்கி, அஜைல் தொடர்பான 1,100 பதவிகளை ஒரேயடியாக ஒழித்தது. அந்த வேலையை இனிமேல் என்ஜினீயர்களும் மானேஜர்களுமே பார்த்துக்கொள்வார்கள் என்றது.

எதிர்க்கட்சி வக்கீல்

இத்தனை குற்றச்சாட்டுக்குப் பிறகும் அந்த முறையைத் தூக்கி எறிந்துவிடலாமா? அவசரப்படக் கூடாது.

பழைய அருவி முறையில் ஒரு புதுப் பெண் என்ஜினீயர் வேலைக்குச் சேர்ந்தால் என்ன நடக்கும்? கிராமத்தில் இருந்து வந்தவள். தமிழ் மீடியம். ஆங்கிலம் பேசக் கூச்சம். ஒரு மூலையில் உட்கார்ந்து கொடுத்ததை எழுதுவாள். புரியாவிட்டாலும் கேட்க மாட்டாள். அவள் செய்த பிசகு 8 மாதம் கழித்துச் சோதனையில் வெளியே வரும். அதற்குள் அதன் மேல் நூறு மாடி கட்டியிருப்பார்கள். இரவு பகலாக எல்லோரும் கண் விழித்துச் சரி செய்வார்கள்.

தினசரிக் கூட்டத்தில் அவள் 2 வாக்கியமாவது பேசியாக வேண்டும். முதல் வாரம் நடுக்கம். இரண்டாம் மாதம் பழகிவிடும். "இந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன்" என்று சொன்னால், "நான் உதவுகிறேன், வா" என்று இன்னொருவர் சொல்வார். நல்ல குழுவில் இதுதான் நடக்கும். பிசகு 8 மாதத்தில் தெரிவதற்குப் பதில் 8 மணி நேரத்தில் தெரிந்துவிடும். வாடிக்கைக்காரரும் 2 வாரத்துக்கு ஒரு தடவை பார்த்துவிடுவதால், "கேட்டது இது இல்லையே" என்ற ஒப்பாரி குறையும்.

எல்லா வேலைக்கும் இது பொருந்தும் என்பதும் இல்லை. விமானத்தை ஓட்டும் சாப்ட்வேர், ஆஸ்பத்திரிக் கருவியின் சாப்ட்வேர் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு வரியையும் எதற்காக எழுதினோம் என்று பத்திரம் வைத்தே தீர வேண்டும். சட்டம் விடாது. "செய்து பார்ப்போம், தப்பானால் அடுத்த வாரம் மாற்றுவோம்" என்று நடு வானத்தில் சொல்ல முடியுமா?

500 பீஸ், ஒரு நிமிடத்தில்

வழக்கு இப்படி நடந்துகொண்டிருக்கும்போது, கோர்ட்டுக்குள் ஒரு புது ஆள் நுழைந்துவிட்டது. அதுதான் ஏ.ஐ. என்னும் செயற்கை அறிவு. 2022 நவம்பரில் சாட்-ஜி.பி.டி. வந்தது. "இப்படி ஒரு சாப்ட்வேர் வேண்டும்" என்று வாயால் சொன்னால் கம்ப்யூட்டரே எழுதித் தரும் காலம் பிறந்தது.

இதனால் 2 கட்சி ஆகிவிட்டது. "2 வாரக் குறு ஓட்டமே இனிமேல் நத்தை வேகம். காலையில் சொன்னால் மாலையில் கிடைக்கும்போது எதற்கு இத்தனை கூட்டம்?" என்கிறது ஒரு கட்சி. "ஏ.ஐ.-க்கு ஒவ்வொன்றையும் விளக்கமாக எழுதிக் கொடுத்தால்தான் ஒழுங்காகச் செய்கிறது. ஆகவே பழையபடி முதலில் முழுவதையும் எழுது!" என்கிறது இன்னொரு கட்சி. முன்வாசல் வழியாகத் துரத்திய அருவி, கொல்லைப்புறம் வழியாக வந்து எட்டிப் பார்க்கிறது.

வேகம் என்பது எப்போதும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருப்பது இல்லை. 2025-ல் அமெரிக்காவில் மெட்ர் என்ற ஆராய்ச்சி நிறுவனம் ஒரு சோதனை நடத்தியது. அனுபவம் உள்ள 16 பேர். தங்களுக்கு நன்றாகப் பழகிய சாப்ட்வேரில் 246 வேலைகள். சில வேலைக்கு ஏ.ஐ. உதவி உண்டு, சிலவற்றுக்குக் கிடையாது. ஏ.ஐ. இருந்ததால் 20 சதவீதம் வேகமாக முடித்தோம் என்று அவர்கள் நினைத்தார்கள். கடிகாரமோ 19 சதவீதம் அதிக நேரம் ஆயிற்று என்றது! 16 பேரை வைத்து உலகத்தையே முடிவு கட்டிவிட முடியாது. கருவிகளும் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. ஆனாலும் புள்ளிக் கணக்கைப் பார்த்து மயங்கும் மானேஜர்கள் ஒரு தடவை படிக்க வேண்டிய செய்தி.

லேத் ஓட்டிய தந்தைக்கு இது எளிதில் விளங்கும். முன்பு ஒரு மணி நேரத்தில் சில பீஸ் கடைந்த மெஷின், இப்போது ஒரு நிமிடத்தில் 500 பீஸ் தள்ளுகிறது. அப்படியானால் முதல் பீசை அளப்பது யார்? மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமே! அந்த ஆள், "நிறுத்து" என்றால் மெஷின் நிற்க வேண்டுமே!

வீடுகளில் இருக்கும் கவலை வேறு. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மேல் பதவிகளில் இருப்பவர்கள். ஏ.ஐ. காரணம் அல்ல, திறமைப் பொருத்தம் இல்லாததே காரணம் என்று கம்பெனித் தலைவர் விளக்கினார். ஆனால் ஒன்று. தானே முடிவு செய்யும் சிறு குழுக்கள் உண்மையாகவே ஏற்பட்டால், நடுவில் நின்று அறிக்கை வாங்கி அறிக்கை கொடுக்கும் பதவிகளுக்கு வேலை குறையத்தான் செய்யும். அஜைல் கூட்டங்களை ஆஜர் பட்டியலாக்கியவர்களில் சிலர் அந்தப் பதவிகளில் இருந்தவர்களே.

அயனம்பாக்கத்து மகள் அந்த உயரத்துக்கு இன்னும் போகவில்லை. அவள் கவலை சின்னது. போன வாரம் ஏ.ஐ. எழுதித் தந்த ஒரு பகுதியைச் சோதிக்காமல் அனுப்பச் சொன்னார்கள். அவளுக்கு மனம் ஒப்பவில்லை. மறுநாள் கூட்டத்தில் முறை வந்தபோது, "தடை ஒன்று இருக்கிறது" என்றாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தந்தை தலையை நிமிர்த்தினார்.

அன்று கூட்டம் 50 நிமிடம் நடந்தது. குக்கர் ஆறிப்போயிற்று. அனுப்புவது 2 நாள் தள்ளி வைக்கப்பட்டது.

இப்போது கூட்டம் மாலை 6.30 மணிக்கு. நவம்பர் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். அதற்கு மறுநாள் முதல் மார்ச் வரை இரவு 7.30 மணிக்கு. சாப்பாட்டை எத்தனை மணிக்கு வைத்துக்கொள்வது என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.